கடல் நடுவே விமானத் தளம்



சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் தேக்காவைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். சிராங்கூன் சாலைப் பூக்கடைகள், நகைக்கடைகள், வீரமாகாளியம்மன் கோயில் எல்லாம் நாம் அறிந்தவையே. அந்தச் சாலைக்கு இணையாகப் பக்கத்திலேயே ஓடுவது ரேஸ் கோர்ஸ் சாலை. பெயரில்தான் குதிரைப் பந்தயம் இருக்கிறது. பந்தயத் திடல் 1933-இல் புக்கித் தீமாவுக்குப் போய்விட்டது. இப்போது அங்கே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குத்தான் பெயர்.

நம் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறை சிங்கப்பூருக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, அந்தச் சாலையில்தான் மதியச் சாப்பாடு. கை கழுவிவிட்டு வெளியே வந்து நின்றதும், "பிள்ளைகளே, வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு முதன்முதலில் பறந்து வந்த ஆகாய விமானம் இந்த இடத்தில்தான் இறங்கியது" என்றோம். ஒருவரும் நம்பவில்லை. சாப்பாட்டுக் கடைக்குள் விமானமா என்று சிரித்தார்கள்.

ஆனால் அது உண்மை. 1919 டிசம்பர் 4-ஆம் நாள் நடந்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சகோதரர்கள் இருவரும், பென்னட், ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். நவம்பர் 12-இல் கிளம்பி டிசம்பர் 10-இல் டார்வின் நகரம் சேர்ந்த பயணம் அது. அன்று சிங்கப்பூரில் விமான நிலையம் என்று ஒன்று கிடையாது. இறங்குவதற்குக் கிடைத்தது இந்தப் பந்தயத் திடல்தான். அதுவும் போதிய நீளமில்லை. விமானம் இறங்கும் வேளையில் பென்னட் தம் இருக்கையை விட்டு வெளியே ஏறி, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிக்கொண்டே வால் பக்கம் போய்ச் சேர்ந்தார். அவருடைய பாரத்தில் வால் அழுந்த, விமானம் சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டது.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், "அவங்க ராத்திரி எங்க சார் தங்குனாங்க?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற சிறுமி அதையும் தாண்டி, "இப்ப பிளேன் ஓட்டுறவங்க வீடு எங்க சார்? நம்மள மாதிரி கம்பெனி வீடா?" என்றாள்.

நல்ல கேள்வி. விமானம் எப்படிப் பறக்கிறது என்று பாடப் புத்தகம் சொல்லும். அதை ஓட்டுபவர் எந்த ஊரில் குடியிருக்கிறார், அவர் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதை அது சொல்வதில்லை. இன்றைய பேச்சில் இதைத்தான் பார்க்கப் போகிறோம். அதிலும், நாலாபுறமும் கடல் சூழ்ந்த ஒரு சின்னத் தீவில் வேலைக்கு வா என்று ஒரு விமானியை அழைத்தால், அவர் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில், கடல் நடுவே விமானத் தளம் எதற்கு? எல்லாம் எண்ணெய்க்காகத்தான். விமானம் தன் எண்ணெயைத் தானே சுமந்துகொண்டு பறக்க வேண்டும். எண்ணெய் கூடினால் ஆளும் சரக்கும் குறைய வேண்டும். இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதுவரை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறந்த விமானங்களுக்குச் சிங்கப்பூர்தான் நடுவீடு. தண்ணீரில் இறங்கும் விமானங்கள் காலாங் கரையில் வந்து நிற்கும். சிட்னியிலிருந்து ஓட்டி வந்தவர்கள் இங்கே இறங்கிக்கொள்வார்கள், வேறு விமானிகள் ஏறி இங்கிலாந்துப் பக்கம் கொண்டு போவார்கள். அந்த நடுவீடு போனதும் பாதை அறுந்துவிட்டது.

அறுந்ததை ஒட்டுவதற்குக் குவான்டாஸ் நிறுவனம் 1943 ஜூலையில் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரி வரை, வழியில் எங்கும் இறங்காமல், கடற்படகு போன்ற கேட்டலினா விமானத்தில் பறந்தார்கள். ஒரு பயணத்துக்கு 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும், சில வேளைகளில் 32 மணி நேரமும் ஆனதுண்டு. புறப்பட்ட பிறகு இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதால் வானொலியில் பேசக்கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கணக்கிட்டார்கள். இத்தனை பாடுபட்டு எத்தனை பேரை ஏற்றிச் சென்றார்கள் தெரியுமா? மூன்றே மூன்று பேர். அதற்குமேல் ஒரு தபால் மூட்டை. மற்ற பாரமெல்லாம் எண்ணெய். 1945 ஜூலை வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானமும் விழவில்லை.

அந்தக் கொக்கலையில் தளம் அமைப்பதற்காக ஊர் மக்களை வீடுகளிலிருந்து கிளப்பிவிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்க வேண்டும். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருவோம்.

பெர்த்துக்கும் இலங்கைக்கும் நடுவில் கால் ஊன்ற ஓர் இடம் இருந்தால் எண்ணெய்ச் சுமை குறையும் அல்லவா? அப்படிப்பட்ட இடம் கோக்கோஸ் தீவுகள். கீலிங் தீவுகள் என்றும் சொல்வார்கள். மொத்தம் 27 பவளத் தீவுகள். எல்லாம் சேர்த்து 14 சதுர கிலோமீட்டர்தான். நம் நாட்டுப் பெரிய தோட்டங்களில் சில அதைவிடப் பெரியவை. மனிதர் வாழ்வது ஹோம் தீவு, மேற்குத் தீவு என்ற இரண்டில் மட்டும். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் நிலம். 1945-இல் மேற்குத் தீவில் தென்னைகளை வெட்டிச் சாய்த்து விமான ஓடுபாதை போட்டார்கள். அந்தத் தீவுகளை அக்காலத்தில் ஆட்சி செய்தது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? சிங்கப்பூர்தான். கோக்கோஸ் 1955 நவம்பரிலும், அதற்குக் கிழக்கே ஏறக்குறைய 980 கிலோமீட்டரிலுள்ள கிறிஸ்மஸ் தீவு 1958 அக்டோபரிலும் ஆஸ்திரேலியாவின் கைக்குப் போயின. கிறிஸ்மஸ் தீவின் பாஸ்பேட் உரமண் வருமானத்தை இழந்ததற்காகச் சிங்கப்பூருக்கு 29 இலட்சம் பவுன் ஈடு கொடுக்கப்பட்டது. பள்ளி நிலப்படத்தில் சிங்கப்பூர் மேல் விரலை வைத்து, ஜாவாவைத் தாண்டித் தெற்கே இறக்குங்கள். முதலில் வருவது கிறிஸ்மஸ் தீவு. அங்கிருந்து மேற்கே போனால் கோக்கோஸ்.

1952-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு விமானப் போக்குவரத்து தொடங்கியபோது, கோக்கோஸ் ஓர் எண்ணெய் நிறுத்தமாயிற்று. விமானம் வந்து இறங்கும், எண்ணெய் குடிக்கும், மோரீசுக்குக் கிளம்பும். அந்த வேலைக்காக ஆட்கள் குடும்பத்தை விட்டும் குடும்பத்தோடும் போய்த் தங்கினார்கள். 1960-களின் பிற்பகுதியில் தொலைதூரம் பறக்கும் ஜெட் விமானங்கள் வந்ததும் அந்த நிறுத்தம் தேவையில்லாமல் போய்விட்டது. தீவில் வேலைக்குப் போகிறவர் யோசிக்க வேண்டிய முதல் செய்தி இதிலேயே இருக்கிறது. அந்த வேலையைக் கொடுத்தது விமானத்தின் பலவீனம். விமானம் பலம் பெற்றதும் வேலை போயிற்று.

இனி, விமானி போடும் கணக்கைப் பார்ப்போம். இது ஐந்தாம் ஆண்டுக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஒரு விமானத்தில் 8 மணி நேரம் செலவழிக்க எண்ணெய் இருக்கிறது. அவசர இருப்பு தனியே இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர். காற்றே இல்லையென்றால் 4 மணி நேரம் போய் 4 மணி நேரத்தில் திரும்பலாம். ஆனால் எதிரே மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது வேகம் 700, திரும்பும்போது காற்று தள்ளிவிடுவதால் 900. அப்படியானால் நாலரை மணி நேரம் வரை போகலாம். அப்போது 3,150 கிலோமீட்டர் போயிருப்போம். திரும்பிவர மூன்றரை மணி நேரம் ஆகும். கூட்டினால் 8. அந்த இடத்துக்குத் திரும்ப முடியாத எல்லை என்று பெயர். அதைத் தாண்டி ஒரு நிமிடம் பறந்தாலும் கிளம்பிய ஊருக்குத் திரும்ப வழியில்லை. தீவுதான் கதி.

சிங்கப்பூரில் இறங்க முடியாவிட்டால் விமானிக்குக் கவலையில்லை. ஜொகூரில் செனாய் இருக்கிறது, பாத்தாம் தீவு இருக்கிறது, கோலாலம்பூரும் தூரமில்லை. கடல் நடுவேயுள்ள ஒற்றைத் தீவில் இறங்க முடியாவிட்டால்? பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இத்தகைய தீவு நிலையங்களைத் தனிமைப்பட்ட நிலையங்கள் என்று பிரித்து வைத்திருக்கிறது. பக்கத்தில் மாற்று நிலையம் இல்லையென்றால், ஜெட் விமானம் தீவை அடைந்த பிறகும் இரண்டு மணி நேரம் பறப்பதற்கான எண்ணெய் கைவசம் இருக்க வேண்டும். மேகம் கலையும் வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கத்தான் அந்த இரண்டு மணி நேரம். கிறிஸ்மஸ் தீவின் விமான நிலையம் மலைமேட்டில், 270 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. மேகம் வந்து ஓடுபாதையின் மேலேயே படுத்துக்கொள்ளும். வந்த விமானம் இறங்காமலே திரும்பிப் போவது அங்கே நடக்கிற காரியம்தான். வழியனுப்ப வந்தவர்கள் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்புவார்கள்.

கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் நடந்த கதை உண்டு. 2009 நவம்பர் 18 இரவு, நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு சமோவா தீவிலிருந்து ஒரு சிறிய ஜெட் விமானம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. நடுவில் நார்ஃபோக் தீவில் எண்ணெய் போட வேண்டும். கிளம்பியபோது தீவில் வானிலை பரவாயில்லை. நெருங்கும்போது மேகம் தாழ்ந்துவிட்டது. பலமுறை இறங்க முயன்றும் ஓடுபாதை கண்ணில் படவில்லை. வேறு தீவுக்குப் போக எண்ணெய் போதாது. வேறு வழியின்றி அந்த இருட்டில் விமானத்தைக் கடலில் இறக்கினார்கள். தெய்வாதீனமாக, இருந்த ஆறு பேரும் வெளியே வந்து நீந்திக்கொண்டிருந்தார்கள். தீவிலிருந்து வந்த படகு அவர்களை மீட்டது.

ஆகாயக் கணக்கு இவ்வளவுதான். இதைவிடச் சிக்கலானது வீட்டுக் கணக்கு.

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நம்மவர் ஒருவர் விமானியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்குத் தீவு வேலை, சம்பளம் அதிகம், வீடு இலவசம் என்று கடிதம் வருகிறது. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "கடற்கரை பாத்தியா, எவ்வளவு அழகு" என்று படத்தைக் காட்டுவார். அவர் மனைவியோ, "கடற்கரை இருக்கட்டுங்க, ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்றுதான் கேட்பார். நம் வீட்டுப் பெண்களும் அப்படித்தான் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

கோக்கோஸிலும் கிறிஸ்மஸ் தீவிலும் மருத்துவரும் தாதியரும் இருக்கிறார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் குறைவில்லை. ஆனால் கர்ப்பிணிப் பெண்கள் பேறுகாலத்துக்குப் பல நாள் முன்பே பெர்த்துக்குப் போய்விட வேண்டும். கோக்கோஸிலிருந்து பெர்த் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? கணவனுக்கு விடுமுறை உண்டா? கடிதத்தில் இதெல்லாம் இருக்காது. கடும் நோய் என்றாலும் விமானத்தில் பெர்த்துக்குத்தான் கொண்டு போக வேண்டும். அந்த விமானமும் மேகத்துக்குக் கட்டுப்பட்டதே.

அடுத்தது பள்ளி. கோக்கோஸில் பத்தாம் வகுப்பு வரை படிக்கலாம். அதற்கு மேல் பிள்ளையைப் பெர்த்துக்கு அனுப்ப வேண்டும். பதினாறு வயதில் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விடும். தமிழ் கற்பிக்கப் பள்ளி ஏது? வீட்டில் அம்மா சொல்லிக்கொடுத்தால் உண்டு. இந்தக் கேள்வியை ஆசிரியர் என்ற முறையில் நாம் முதலில் போட்டிருப்போம்.

பிறகு சாமான். அரிசியும் பருப்பும் கப்பலில் சில வாரங்களுக்கு ஒருமுறை வரும். கிறிஸ்மஸ் தீவில் ஆண்டுக் கடைசியில் தொடங்கி இரண்டு மூன்று மாதம் கடல் கொந்தளிக்கும். கப்பல் வந்து நின்றும் சரக்கு இறக்க முடியாமல் காத்துக் கிடப்பதுண்டு. பச்சைக் காய்கறி ஆகாய மார்க்கமாக வர வேண்டும், ஆகவே விலையும் ஆகாயத்தில் இருக்கும். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் வாங்கிப் பழகியவருக்கு இது சிரமந்தான்.

வேடிக்கையான சங்கதிகளும் இல்லாமல் இல்லை. கோக்கோஸில் கோல்ஃப் ஆடும் திடல் விமான ஓடுபாதையைக் குறுக்கே கடந்து போகிறது. கிறிஸ்மஸ் தீவில் மழை தொடங்கியதும் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு நடக்கும். அவற்றுக்காகச் சாலைகளை மூடி, நண்டு கடக்கப் பாலமும் கட்டியிருக்கிறார்கள். மாலத்தீவில் தண்ணீரில் இறங்கும் சிறு விமானங்களை ஓட்டும் வெளிநாட்டு விமானிகள் வெறுங்காலோடு வேலை செய்வது வழக்கம். அங்கே பொழுது சாய்ந்தால் பறப்பதில்லை. ராத்திரி வேலை இல்லை என்ற ஒன்றுக்காகவே அந்த வேலையை விரும்புகிறவர்களும் உண்டு.

எல்லாத் தளங்களிலும் குடும்பத்தோடு போக விடுவதில்லை. மாலத்தீவின் தென்கோடியிலுள்ள கான் தீவில் பிரிட்டிஷ் விமானப் படை 1957 முதல் 1976 மார்ச் வரை தளம் வைத்திருந்தது. இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி தளத்துக்கு வரும் விமானங்கள் அங்கே இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ளும். அங்கே வேலைக்கு வந்தவர்கள் மனைவி மக்களை அழைத்து வரக்கூடாது. ஆகவே சில மாதங்கள் மட்டுமே வைத்திருந்து அனுப்பிவிடுவார்கள். தளம் மூடப்பட்டபோது அவர்கள் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். அங்கே சமையல், சலவை, சுமை தூக்கும் வேலை பார்த்த தீவு மக்களுக்குத்தான் ஒரே நாளில் சம்பளம் நின்றது.

நேயர்களே, இவ்வளவும் கேட்ட பிறகு உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். கம்பெனி வீடு, கம்பெனி மருந்து, ஒரே ஒரு கடை, ஊருக்குப் போக வர ஒரே வண்டி, வேலை போனால் வீடும் போய்விடும் என்ற நிலை. இதெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? சுற்றிக் கடலுக்குப் பதில் பால்மரம். டாக்டருக்குப் பதில் டிரெசர். அந்த விமானி மூன்றாண்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று ராத்தூக்கம் கெட்டு யோசிக்கிற வாழ்க்கையை, நம் தாத்தா பாட்டி யோசிக்க நேரமின்றி ஏற்றுக்கொண்டார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்கு முன் கப்பல் ஏறியவர்களிடம், திரும்பிவர வழி உண்டா என்று கேட்டுக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை.

கோக்கோஸ் தீவும் முதலில் ஒரு தோட்டந்தான். 1827-இல் குடியேறிய குளூனீஸ் ராஸ் குடும்பத்தார் அங்கே தென்னந்தோப்பு நடத்தினார்கள். உழைத்தவர்கள் பெரும்பாலும் மலாய் மக்கள். அவர்களில் மூத்தவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். கொப்பரைக்குக் கூலியாகக் கிடைத்தது நாட்டுக் காசு அல்ல. குடும்பத்தார் தாங்களே அடித்த வில்லைகள். முதலில் தோலில் எழுதிய சீட்டு, பின்னால் தந்தம், கடைசியில் பிளாஸ்டிக். அந்த வில்லை குடும்பத்தார் கடையில் மட்டுமே செல்லும். கப்பல் டிக்கட் வாங்கச் செல்லாது. நம் முன்னோரின் பற்றுப் புத்தகத்துக்கு அண்ணன் முறை அது. போருக்குப் பிறகு சிங்கப்பூர் அரசின் ஏற்பாட்டில் அந்த மக்களில் பெரும்பாலோர் சிங்கப்பூருக்கும், கிறிஸ்மஸ் தீவுக்கும், இன்று சபா எனப்படும் வட போர்னியோவுக்கும் குடிபெயர்ந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு விடிவு வர 1978 ஆயிற்று. அந்த ஆண்டுதான் ஆஸ்திரேலிய அரசு 62 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து நிலத்தின் பெரும்பகுதியை வாங்கியது. 1984 ஏப்ரலில் மக்கள் வாக்களித்து ஆஸ்திரேலியாவோடு இணைந்தார்கள்.

கிறிஸ்மஸ் தீவுச் சுரங்கத்திலும் ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், சீனருக்கும் மலாய்க்காரருக்கும் வேறு சம்பளம், வீடும் வேறு என்றுதான் இருந்தது. 1975-இல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்துப் போராடிய பிறகே நிலைமை மாறியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தத் தீவுக்கு விமான ஓடுபாதை திறக்கப்பட்டது. ஓடுபாதையும் சங்கமும் அடுத்தடுத்து வந்தது தற்செயலா என்று நமக்குள் ஒரு கேள்வி உண்டு. வெளியுலகம் வந்து போகும் இடத்தில் மனிதருக்கும் வாய் திறக்கும் தைரியம் வந்துவிடுகிறது போலும்.

இனி, கொக்கலையில் விட்ட இடத்துக்கு வருவோம். தளத்துக்கு வருகிற விமானி யோசித்துவிட்டு வருகிறார். ஏற்கனவே அங்கே இருந்தவர்கள்? இந்தியப் பெருங்கடல் நடுவே டியேகோ கார்சியா என்ற தீவு இருக்கிறது. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது அது. அங்கேயும் தென்னந்தோட்டந்தான். ஆப்பிரிக்காவிலிருந்தும், மடகாஸ்கரிலிருந்தும், இந்தியாவிலிருந்தும் வந்த உழைப்பாளிகளின் பிள்ளை பேரப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக, 1968-க்கும் 1973-க்கும் இடையே பிரிட்டிஷ் அரசு அவர்கள் எல்லாரையும் மோரீசுக்கும் சேஷல்ஸ் தீவுக்கும் அப்புறப்படுத்தியது. தோட்டத்தை மூடினார்கள். வளர்த்த நாய்களைக் கொன்றார்கள். வைத்தியத்துக்காக மோரீஸ் போனவர்களை, திரும்ப உங்களுக்குக் கப்பல் இல்லை என்று அங்கேயே நிறுத்திவிட்டார்கள். தோட்டத் தொழிலாளிகள்தானே, நிரந்தரக் குடிகள் அல்லவே என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். இந்தச் சொல்லின் கனம் நமக்குத் தெரியும். தோட்டம் கைமாறி வீடு காலி செய்யச் சொன்ன நாளில், நம் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கையில் வந்த காகிதத்திலும் இதே பொருள்தான் இருந்தது.

அதே டியேகோ கார்சியாவுக்கு 2021 அக்டோபரில் ஒரு படகு தத்தளித்து வந்து சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் இலங்கைத் தமிழர். தஞ்சம் தேடிக் கிளம்பியவர்கள். வேலியடைத்த கூடாரங்களில், பிள்ளைகளோடு, மூன்று ஆண்டுக்கு மேல் கிடந்தார்கள். பக்கத்திலேயே மூன்றரைக் கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுபாதை. பெரிய பெரிய விமானங்கள் வந்து போகும். அவர்களுக்கு மட்டும் இடமில்லை. 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் அந்தச் சிறுமிக்கு நாம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. பஸ் காத்திருந்தது. "கம்பெனி வீடும் உண்டு, சொந்த வீடும் உண்டு. ஆனா கம்பெனி வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க காகிதத்தை நல்லாப் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாங்க" என்றோம். அவள் விடவில்லை. "அந்தக் காகிதத்துல என்ன சார் எழுதியிருக்கும்?" என்று கேட்டாள்.

எழுதியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறோம். ஆண்டுக்கு எத்தனை முறை குடும்பத்துக்கு ஊர் டிக்கட் கிடைக்கும்? தாய் தகப்பன் இறந்தால் உடனே கிளம்ப விடுவார்களா? நோய் வந்தால் பெர்த்துக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டு போகும் செலவு யாருடையது? பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கும் செலவு? தளத்தை மூடினால் எத்தனை மாதச் சம்பளம்? வேலை முடிந்தபின் வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம்? கடைசிக் கேள்விக்குரிய பதில் பெரும்பாலும் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அவளுடைய அப்பா இப்போது ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவள் ஒரு நாள் பள்ளிக்கு எடுத்து வந்தாள். நாங்கள் இருவரும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினோம்.